பாயில் விதி: வாயுவின் அழுத்தமும் கனஅளவும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வாயுக்களைப் பற்றிப் பாடம் எடுக்கும்போதெல்லாம் இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. சூத்திரம் எல்லோருக்கும் மனப்பாடம். அதை எங்கே போடலாம், எங்கே போடக் கூடாது என்பதில்தான் குழப்பம். அதனால் கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கேள்விகளை எழுதி, பதில்களை ஒரே இடத்தில் சேர்த்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றை நம்பி இருப்பதால், முடிந்தால் வரிசையாகவே படியுங்கள்.

பாயில் விதி என்னதான் சொல்கிறது? சுருக்கமாகச் சொல்லுங்களேன்.

மூடிய கலனில் இருக்கும் வாயுவின் அளவும் மாறவில்லை, அதன் வெப்பநிலையும் மாறவில்லை என்றால், அழுத்தத்தையும் கனஅளவையும் பெருக்கினால் எப்போதும் ஒரே எண்தான் வரும். கனஅளவைப் பாதியாக்கினால் அழுத்தம் இரண்டு மடங்கு. மூன்றில் ஒரு பங்காக்கினால் மூன்று மடங்கு. கணக்குப் போடும்போது இப்படி எழுதுவோம்: முதல் அழுத்தம் × முதல் கனஅளவு = இறுதி அழுத்தம் × இறுதி கனஅளவு.

இந்த வாக்கியத்தில் இரண்டு நிபந்தனைகள் இருக்கின்றன: அதே அளவு வாயு, அதே வெப்பநிலை. என்னிடம் வரும் சந்தேகங்களில் பெரும்பாலானவை இந்த இரண்டில் ஒன்றை மறந்ததால் வருபவைதான்.

அப்படியென்றால் கனஅளவை 10 சதவீதம் குறைத்தால் அழுத்தம் 10 சதவீதம் கூடும், சரிதானே?

இல்லை. 100 லிட்டர் 90 லிட்டராகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அழுத்தம் 100-ஐ 90-ஆல் வகுத்த மடங்காகிறது, அதாவது சுமார் 11.1 சதவீதம் கூடுகிறது. 50 சதவீதம் குறைத்தால் 100 சதவீதம் கூடும். 90 சதவீதம் குறைத்தால் அழுத்தம் பத்து மடங்கு. ஒன்று குறையும் அளவுக்கே மற்றது கூடும் என்பது எதிர்விகிதம் ஆகாது. பெருக்கல் மாறாமல் இருப்பதுதான் எதிர்விகிதம்.

வாயுவை நெருக்கினால் அழுத்தம் ஏன் கூடுகிறது? மூலக்கூறுகள் ஒன்றையொன்று தள்ளுவதாலா?

பெரும்பாலானவர்கள் இப்படித்தான் நினைக்கிறார்கள். ஆனால் சாதாரண அழுத்தத்தில் வாயு மூலக்கூறுகளுக்கு நடுவே நிறைய இடம் இருக்கிறது. ஒன்றையொன்று தள்ளுவதற்கு அவை அவ்வளவு நெருங்குவதே குறைவு. அழுத்தம் வருவது, அவை கலனின் சுவரில் வந்து மோதித் திரும்புவதால். ஒவ்வொரு மோதலும் சுவருக்கு ஒரு சிறு தள்ளு கொடுக்கிறது. கணக்கில்லாத மோதல்கள் ஒன்றுசேர்ந்து நமக்குச் சீரான அழுத்தமாகத் தெரிகின்றன.

கனஅளவைப் பாதியாக்கினால் அதே எண்ணிக்கையிலான மூலக்கூறுகள் பாதி இடத்தில் ஓடுகின்றன. ஒவ்வொரு கன சென்டிமீட்டரிலும் முன்பைவிட இரண்டு மடங்கு மூலக்கூறுகள் இருப்பதால், சுவரின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டரிலும் ஒரு நொடியில் இரண்டு மடங்கு மோதல் நடக்கும். வெப்பநிலை மாறாததால் அவற்றின் சராசரி வேகம் மாறவில்லை, ஆகவே ஒரு மோதலின் பலமும் சராசரியாக அதேதான். மோதல்கள் இரட்டித்தன, அழுத்தமும் இரட்டித்தது. இந்த விளக்கத்தை டேனியல் பெர்னூலி 1738-லேயே எழுதிவிட்டார். மூலக்கூறுகள் உண்மையில் இருக்கின்றனவா என்ற விவாதம் அதற்குப் பிறகு ஒன்றரை நூற்றாண்டுக்கு மேல் நடந்தது என்பதை நினைத்தால், எவ்வளவு தொலைநோக்கு!

இதை உண்மையிலேயே பாயில்தான் கண்டுபிடித்தாரா? வேறு பெயர்களும் அடிபடுகின்றனவே?

ராபர்ட் பாயில் இதை 1662-ல் வெளியிட்டார். அதற்குக் காரணமாக இருந்தது ஒரு சண்டை. பாதரசமானியில் பாதரசத்தைத் தாங்கி நிறுத்துவது வெளிக்காற்றின் அழுத்தம்தான் என்று பாயில் 1660-ல் எழுதியிருந்தார். பிரான்சிஸ் லைன் என்ற அறிஞர், காற்றுக்கு அவ்வளவு பலம் கிடையாது, கண்ணுக்குத் தெரியாத ஒரு இழைதான் பாதரசத்தை மேலேயிருந்து பிடித்திருக்கிறது என்று மறுத்தார். காற்றை நெருக்கினால் அது எவ்வளவு பலத்தைக் காட்டும் என்று அளந்தே காட்டிவிட பாயில் முடிவு செய்தார். ஒரு பக்கம் நீளமாகவும் திறந்தும், மறுபக்கம் குட்டையாகவும் மூடியும் இருந்த வளைந்த கண்ணாடிக் குழாயில் பாதரசத்தை ஊற்றிக்கொண்டே போனார். குட்டைப் பக்கத்தில் அடைபட்ட காற்று சுருங்கியது.

அவர் தந்த அட்டவணையிலிருந்து மூன்று அளவீடுகள்: காற்றின் அளவு 48 பிரிவுகளாக இருந்தபோது அழுத்தம் 29 1/8 அங்குலப் பாதரசம், 24 பிரிவுகளானபோது 58 13/16, 12 பிரிவுகளானபோது 117 9/16. பெருக்கிப் பாருங்கள்: 1398, 1411.5, 1410.75. வித்தியாசம் ஒரு சதவீதத்துக்கும் குறைவு. கையால் செய்த குழாயில், கண்ணால் பார்த்துக் குறித்த அளவீடுகள் இவை. எனக்கு இந்த அட்டவணையின் மேல் தனி மரியாதை உண்டு.

பெயர்கள் விஷயத்துக்கு வருவோம். அழுத்தமும் கனஅளவும் எதிர்விகிதத்தில் இருக்கும் என்ற கருதுகோள் ரிச்சர்ட் டௌன்லியுடையது என்று பாயிலே எழுதியிருக்கிறார். டௌன்லியும் ஹென்றி பவரும் சேர்ந்து காற்றில் சோதனைகள் செய்திருந்தார்கள். பாயிலின் காற்றுப் பம்பை உருவாக்கி, சோதனைகளில் துணை நின்றவர் ராபர்ட் ஹூக். பிரான்சில் எட்ம் மாரியட் 1670-களில் இதே விதியைத் தனியாக வெளியிட்டார். அதனால்தான் பிரெஞ்சுக்காரர்கள் மாரியட்டின் பெயரையும் சேர்த்துச் சொல்கிறார்கள்.

கணக்குப் போடும்போது வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற வேண்டுமா?

வேண்டாம். வெப்பநிலை மாறவே இல்லை, சூத்திரத்திலும் அது வருவதில்லை. அழுத்தத்தையும் எந்த அலகில் வேண்டுமானாலும் போடலாம்: பாஸ்கல், பார், அட்மாஸ்பியர், மில்லிமீட்டர் பாதரசம். இரண்டு பக்கமும் ஒரே அலகு இருந்தால் போதும். கனஅளவுக்கும் இதேதான். ஆனால் அழுத்தம் என்று எதைப் போடுகிறோம் என்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அது அடுத்த கேள்வி.

அளவி 2 பார் காட்டியது. கனஅளவைப் பாதியாக்கினேன். 4 காட்டும் என்று பார்த்தால் 5 காட்டுகிறது. விதி தப்பா?

விதி சரிதான். டயருக்குக் காற்றடிக்கும்போது பார்க்கும் அளவியைப் போல, பெரும்பாலான அழுத்த அளவிகள் வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு கூடுதல் என்பதைத்தான் காட்டும். அளவி பூஜ்யம் காட்டினால் உள்ளே காற்றே இல்லை என்று பொருளல்ல. வெளியே இருக்கும் அதே 1 பார் உள்ளேயும் இருக்கிறது என்று பொருள். மூலக்கூறுகள் சுவரில் மோதுவது பற்றி மேலே சொன்னேனே, அந்த மோதல்கள் தருவது மொத்த அழுத்தத்தை. பாயில் விதிக்கு வேண்டியதும் அந்த மொத்த அழுத்தம்தான்.

ஆகவே அளவியின் 2 பார் என்பது மொத்தம் 3 பார். கனஅளவு பாதியானதும் மொத்தம் 6 பார். அதில் வெளிக்காற்றின் 1 பாரைக் கழித்தால் அளவி காட்டுவது 5. பாயிலும் இதைத்தான் செய்தார்: இரண்டு பக்கப் பாதரச மட்டங்களின் வித்தியாசத்தோடு அன்றைய வளிமண்டல அழுத்தமான 29 1/8 அங்குலத்தையும் கூட்டித்தான் அட்டவணையில் எழுதினார்.

வரைபடம் போட்டால் நேர்கோடா, வளைவா?

எதை எதற்கு எதிராகப் போடுகிறீர்கள் என்பதைப் பொறுத்தது. அழுத்தத்தைக் கனஅளவுக்கு எதிராகப் போட்டால் இரண்டு அச்சுகளையும் நெருங்கிக்கொண்டே போய் எதையும் தொடாத வளைவு வரும்; அது செவ்வக அதிபரவளையம். அழுத்தத்தை, 1-ஐக் கனஅளவால் வகுத்த எண்ணுக்கு எதிராகப் போட்டால் ஆதிப்புள்ளி வழியே போகும் நேர்கோடு. பெருக்கல் தொகையை அழுத்தத்துக்கு எதிராகப் போட்டால் கிடைமட்டக் கோடு.

வெப்பநிலையைக் கூட்டி அதே வாயுவுக்கு மறுபடி போட்டால், வளைவு ஆதிப்புள்ளியிலிருந்து விலகி வெளியே நகரும். ஒரு மோல் வாயுவுக்குப் பெருக்கல் தொகை 0 டிகிரி செல்சியஸில் 22.4 லிட்டர்-அட்மாஸ்பியர், 27 டிகிரியில் 24.6. சோதனையில் எடுத்த அளவீடுகளைச் சரிபார்க்க நான் எப்போதும் நேர்கோட்டு வரைபடத்தைத்தான் சொல்வேன். வளைவு அதிபரவளையமா வேறொன்றா என்று கண்ணால் சொல்ல முடியாது. கோடு வளைந்தால் உடனே தெரிந்துவிடும்.

பம்பில் காற்றை அழுத்தினால் பம்பு சூடாகிறதே? அப்புறம் எப்படி வெப்பநிலை மாறாது என்கிறீர்கள்?

நல்ல கேள்வி. வேகமாக அழுத்தினால் வெப்பநிலை மாறத்தான் செய்யும். உள்ளே வரும் உந்துதண்டில் மோதும் மூலக்கூறுகள், வந்ததைவிட அதிக வேகத்தோடு திரும்புகின்றன. வேகம் கூடினால் வெப்பநிலை கூடியது என்று பொருள். அந்தக் கூடுதல் வெப்பம் சுவர் வழியே வெளியேற நேரம் கொடுத்தால் வாயு பழைய வெப்பநிலைக்குத் திரும்பும், பாயில் விதி பொருந்தும். நேரம் கொடுக்காவிட்டால் பொருந்தாது.

வித்தியாசம் சின்னதல்ல. 27 டிகிரியில் இருக்கும் காற்றை வெப்பம் சிறிதும் வெளியேறாதபடி சட்டென்று பாதியாக்கினால், அழுத்தம் இரண்டு மடங்கல்ல, சுமார் 2.64 மடங்காகும், வெப்பநிலை 120 டிகிரியைத் தாண்டும். அப்படியே பிடித்துக்கொண்டு காத்திருந்தால் காற்று ஆறும், அழுத்தம் இறங்கி இரண்டு மடங்கில் வந்து நிற்கும்.

நியூட்டனே இங்கே சறுக்கியிருக்கிறார். காற்றில் ஒலியின் வேகத்தைக் கணக்கிடும்போது, ஒலி அலையில் காற்று நெருங்குவதும் விரிவதும் பாயில் விதிப்படி நடப்பதாக எடுத்துக்கொண்டார். அந்த வழியில் 0 டிகிரியில் நொடிக்குச் சுமார் 280 மீட்டர் வரும். உண்மையான வேகம் 331 மீட்டர். அலையில் நெருக்கமும் விரிவும் மிக வேகமாக நடப்பதால் வெப்பம் பரவ நேரமில்லை என்பதை வைத்து இந்தக் கணக்கைச் சரிசெய்தவர் லாப்லாஸ்.

மெதுவாக அழுத்தினேன், வெப்பநிலையும் மாறவில்லை. அப்படியானால் நான் செய்த வேலை எங்கே போனது?

முழுவதும் வெப்பமாகச் சுற்றுப்புறத்துக்குப் போய்விட்டது. மூலக்கூறுகளின் சராசரி வேகம் மாறாததால் வாயுவின் உள் ஆற்றல் மாறவில்லை. 27 டிகிரியில் ஒரு மோல் வாயுவை மெதுவாகப் பாதியாக்க சுமார் 1,730 ஜூல் வேலை வேண்டும். அதே 1,730 ஜூல் வெப்பமாக வெளியேறும். வெப்பநிலை மாறவில்லை என்றால் வெப்பமே நகரவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வெப்பம் நகர்ந்ததால்தான் வெப்பநிலை மாறவில்லை.

ஹீலியத்துக்கும் ஆக்சிஜனுக்கும் ஒரே விதியா? காற்று கலவை ஆயிற்றே?

சாதாரண அழுத்தத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே விதிதான். கனமான மூலக்கூறு மெதுவாக ஓடும், இலேசானது வேகமாக ஓடும். மோதலின் பலம் ஈடுகட்டப்பட்டுவிடுகிறது. கலவையில் ஒவ்வொரு வாயுவும் தனித்தனியே விதிக்குக் கட்டுப்படுவதால் மொத்தமும் கட்டுப்படும். நீராவி மட்டும் சில சமயம் வம்பு செய்யும். கீழே வருகிறேன்.

கடலில் மூழ்குபவர்கள் மேலே வரும்போது மூச்சை அடக்கக் கூடாது என்கிறார்களே, ஏன்?

கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் ஆழத்துக்கும் அழுத்தம் சுமார் 1 அட்மாஸ்பியர் கூடுகிறது. மேற்பரப்பில் 1, 10 மீட்டரில் 2, 20 மீட்டரில் 3, 30 மீட்டரில் 4. கீழே காற்றுக்கலனிலிருந்து சுவாசிப்பவரின் நுரையீரலில் அந்த ஆழத்தின் அழுத்தத்தில் காற்று நிறைந்திருக்கிறது. மூச்சை அடக்கிக்கொண்டு 10 மீட்டரிலிருந்து மேற்பரப்புக்கு வந்தால் அந்தக் காற்று இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். நுரையீரல் கிழியும், காற்று இரத்தத்தில் கலக்கும், உயிரே போகலாம். அதனால்தான் மூச்சை விட்டுக்கொண்டே வரச் சொல்கிறார்கள்.

பலருக்கும் தெரியாத ஒன்று: 30 மீட்டரிலிருந்து 20 மீட்டருக்கு வரும்போது காற்று 4/3 மடங்குதான் விரிகிறது. கடைசி 10 மீட்டரில்தான் இரண்டு மடங்கு. மேற்பரப்பு நெருங்க நெருங்க ஆபத்து கூடுகிறது. காற்றுக்கலன் எவ்வளவு நேரம் வரும் என்பதும் இதே கணக்கு. 12 லிட்டர் கலனில் 200 பார் அழுத்தத்தில் இருக்கும் காற்று மேற்பரப்பில் சுமார் 2,400 லிட்டர். 20 மீட்டர் ஆழத்தில் சுமார் 800 லிட்டர்.

நாம் மூச்சு இழுப்பதே பாயில் விதிப்படிதான் என்று படித்தேன். சரியா?

பாதி சரி. உதரவிதானம் கீழே இறங்கி மார்புக்கூடு விரிந்ததும் நுரையீரலின் கனஅளவு கூடி, உள்ளே அழுத்தம் குறைகிறது. அதுவரை பாயில் விதி. ஆனால் உடனே வெளிக்காற்று உள்ளே வந்துவிடுவதால் "அதே அளவு வாயு" என்ற நிபந்தனை போய்விடுகிறது.

அமைதியாக மூச்சு இழுக்கும்போது நுரையீரல் சுமார் 2.5 லிட்டரிலிருந்து 3 லிட்டராகிறது. காற்றுக்குழாய் அடைபட்டிருந்தால் பாயில் விதிப்படி அழுத்தம் 760 மில்லிமீட்டர் பாதரசத்திலிருந்து சுமார் 633-க்கு இறங்க வேண்டும். உண்மையில் இறங்குவது 1 மில்லிமீட்டர் அளவுதான். காற்று எந்தப் பக்கம் ஓடும் என்பதை விதி சொல்லும், எவ்வளவு அழுத்தம் என்பதை இங்கே சொல்லாது.

சமையல் வாயு சிலிண்டரில் பாதி தீர்ந்தபிறகும் அழுத்தம் குறையவில்லையே?

உள்ளே இருப்பது பெரும்பாலும் திரவம். மேலே இருக்கும் வாயு வெளியேறியதும் திரவம் கொஞ்சம் ஆவியாகி அந்த இடத்தை நிரப்பிவிடுகிறது. திரவம் இருக்கும்வரை அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலை மட்டுமே. எவ்வளவு மிச்சம் என்று அறிய எடை போட்டுத்தான் பார்க்க வேண்டும். ஆக்சிஜன் சிலிண்டர் வேறு. அறை வெப்பநிலையில் எவ்வளவு அழுத்தினாலும் ஆக்சிஜன் திரவமாகாது, முழுக்க வாயுதான். அதனால் அழுத்தம் பாதியானால் வாயுவும் ஏறக்குறைய பாதி தீர்ந்தது.

நீருக்கு மேல் சேகரித்த வாயுவை அழுத்தினேன். கணக்கு ஒத்துவரவில்லை.

இதுதான் நான் சொன்ன நீராவி வம்பு. 25 டிகிரியில் நீரோடு சேர்ந்திருக்கும் வாயுவில் நீராவியின் பங்கு 24 மில்லிமீட்டர் பாதரச அழுத்தம். இடத்தைக் குறைத்தால் நீராவியின் அழுத்தம் கூடாது. கொஞ்சம் நீராவி நீராகிவிடும். சிலிண்டரில் நடந்ததன் தலைகீழ்.

மொத்த அழுத்தம் 764 என்றால் உலர்ந்த வாயுவின் பங்கு 740. கனஅளவைப் பாதியாக்கினால் அந்த 740 மட்டும் 1,480 ஆகும். நீராவியின் 24-ஐக் கூட்டினால் 1,504. நேரடியாக 764-ஐ இரட்டித்தால் 1,528 என்று தவறாக வரும். முதலில் கழி, பிறகு பாயில் விதி, கடைசியில் கூட்டு.

அழுத்திக்கொண்டே போனால் கனஅளவு பூஜ்யமாகிவிடுமா?

ஆகாது. மூலக்கூறுகளுக்கும் இடம் வேண்டும். முன்பு "நடுவே நிறைய இடம் இருக்கிறது" என்றேன் அல்லவா, மிக அதிக அழுத்தத்தில் அது பொய்யாகிவிடுகிறது. 0 டிகிரியில் நைட்ரஜனை 100 அட்மாஸ்பியருக்கு அழுத்தினால் பெருக்கல் தொகை 1 அட்மாஸ்பியரில் இருந்ததைவிட அரை சதவீதத்துக்கு மேல் குறைந்திருக்கும். மூலக்கூறுகளின் ஈர்ப்பு அதற்குக் காரணம். 1,000 அட்மாஸ்பியரில் அதுவே இரண்டு மடங்குக்கு மேல் போய்விடும். அதற்குக் காரணம் மூலக்கூறுகளின் சொந்தக் கனஅளவு. இந்த இரண்டையும் ஒரே சமன்பாட்டில் கொண்டுவந்தவர் வாண்டர்வால்ஸ், 1873-ல்.

கார்பன் டை ஆக்சைடு இன்னும் சீக்கிரம் விலகிவிடும். 25 டிகிரியில் சுமார் 64 பாரை எட்டியதும் அது திரவமாகத் தொடங்கும்; கனஅளவு குறையும், அழுத்தம் அசையாது. சுமார் 31 டிகிரிக்கு மேலே என்ன அழுத்தினாலும் திரவமாகாது என்பதைத் தாமஸ் ஆண்ட்ரூஸ் 1869-ல் காட்டினார்.

வானத்தில் ஏறும் பலூனுக்குப் பாயில் விதியைப் போடலாமா?

மேலே போகப் போகக் குளிர்வதால் அப்படியே போட முடியாது. 5.5 கிலோமீட்டர் உயரத்தில் அழுத்தம் ஏறக்குறைய பாதி, வெப்பநிலை சராசரியாக மைனஸ் 20 டிகிரி. தளர்வான உறையில் அடைத்த வாயு, பாயில் விதிப்படி இரண்டு மடங்காக வேண்டும். குளிரையும் சேர்த்தால் சுமார் 1.75 மடங்குதான். இங்கே கெல்வின் கட்டாயம் வேண்டும்.

சிரிஞ்சையும் அழுத்த உணரியையும் வைத்துச் சோதனை செய்தேன். அழுத்த அழுத்தப் பெருக்கல் தொகை குறைந்துகொண்டே போகிறது. எங்கே பிசகு?

நீங்கள் எடுத்த மாதிரி அளவீடுகளை எழுதிப் பார்ப்போம்: 20 மில்லிலிட்டரில் 100 கிலோபாஸ்கல், 10-ல் 191, 5-ல் 350. பெருக்கல் தொகை 2000, 1910, 1750. சிரிஞ்சையும் உணரியையும் இணைக்கும் குழாயிலும் காற்று இருக்கிறது. சிரிஞ்சின் அளவுக்கோடு அதைக் கணக்கில் எடுப்பதில்லை. ஒவ்வொரு கனஅளவோடும் 1 மில்லிலிட்டரைக் கூட்டிப் பெருக்குங்கள்: 2100, 2101, 2100. ஒளிந்திருக்கும் கனஅளவை ஊகிக்கக்கூட வேண்டாம். சிரிஞ்சு காட்டும் கனஅளவை, 1-ஐ அழுத்தத்தால் வகுத்த எண்ணுக்கு எதிராக வரையுங்கள். கோடு கனஅளவு அச்சைப் பூஜ்யத்துக்குக் கீழே எவ்வளவு தூரத்தில் வெட்டுகிறதோ அதுதான் குழாயின் கனஅளவு.

காற்றுக் கசிந்தாலும் தொகை குறையும். பிரித்தறிய, அழுத்தி முடித்ததும் மறுபடி 20-க்கே இழுத்துவிட்டுச் சிறிது பொறுத்துப் பாருங்கள். 100 காட்டினால் கசிவில்லை, குழாய்தான் காரணம். அதைவிடக் குறைவாகக் காட்டினால் கசிவு. தொகை குறையாமல் கூடிக்கொண்டே போனால் வேகமாக அழுத்துகிறீர்கள்; பம்பு சூடாவது பற்றிச் சொன்னதுதான் நடக்கிறது. ஒவ்வொரு முறையும் உணரியின் எண் அசையாமல் நிற்கும்வரை காத்திருந்து குறித்துக்கொள்ளுங்கள்.